கரைதிறன் பெருக்கமும் தேயிலை மலைகளும்

இரசாயனவியலிற் புகும் மாணாக்கர் முதலாண்டிலேயே உப்புக்களைக் கரைவன என்றும் கரையாதன என்றும் இரு பிரிவாக்கி மனனஞ் செய்துவிடுவர். நைத்திரேற்றுக்கள் யாவும் கரைவன; குளோரைட்டுக்களுள் வெள்ளியினதும் ஈயத்தினதும் கரையாதன; காபனேற்றுக்களும் பொசுபேற்றுக்களும் ஐதரொட்சைட்டுக்களும், சோடியம் பொற்றாசியம் முதலியவற்றினுடையவை ஒழிய, கரையாதன. பரீட்சை மண்டபத்தைக் கடந்து செல்வதற்கு இப்பாகுபாடு போதும். ஆயினும் நீரிற் சிறிதேனும் கரையாத உப்பு என்று ஒன்று இல்லை. எவ்வளவு கரையும், எந்நிலையிற் கரையும், கரைந்தது எப்பொழுது மீண்டும் வீழும் என்பனவே உண்மையான வினாக்கள். இவற்றிற்குரிய விடை சோதனைக் குழாயோடு நின்றுவிடுவதன்று. ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா மலைகளிலே தேயிலைச் செடி கொப்புள நோய்க்குத் தப்பிப் பிழைத்ததும், அம்மலைகளின் அமில மண்ணிலே பாறைத் தூள் உரமாகப் பயன்படுவதும் இவ்விடையையே பற்றி நிற்கின்றன.

முதலிற் சமநிலை என்பது யாது எனக் காண்பாம். நல்ல மலைநாட்டுத் தேயிலையிற் கடுஞ்சாயம் இறக்கி, பாலிடாது கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஆறவிட்டாற் சிறிது நேரத்தில் அது தெளிவிழந்து கலங்குவதைக் காணலாம். மீண்டும் சூடாக்கினாற் கலங்கல் மறைந்து தெளிவு பிறக்கும். கபீனும் தேயிலையின் செந்நிறப் பொருள்களும் ஒன்றோடொன்று பிணைந்து, குளிர்ந்த நீரிற் கரைந்திருக்க மாட்டாமல் வெளிப்படுவதே அக்கலங்கல். தேயிலைச் சுவை பார்ப்போர் இதனைக் குற்றமாகக் கொள்ளார். சாயத்தின் தரத்துக்குச் சான்றாகவே கொள்வர். இஃது உப்பன்று. எனினும் கரைதலும் வீழ்தலும் ஒரே வழியின் இரு திசைகள் என்பதை இதனினும் எளிதாகக் காட்டும் பொருள் நம் அடுக்களையில் இல்லை.

ஓர் உப்பை நீரிலிட்டால் அதன் மேற்பரப்பிலிருந்து அயன்கள் நீருட் செல்கின்றன. நீரிலுள்ள அயன்கள் மீண்டும் மேற்பரப்பில் வந்து படிகின்றன. இவ்விரு செலவுகளும் ஒரே வேகத்தில் நிகழும்போது கரைசல் நிரம்பியதாகிறது. நம் கண்ணுக்கு யாதும் நிகழாதது போற் றோன்றினும் போக்குவரவு ஓய்வதில்லை. அந்நிலையில் அயன்களின் செறிவுகளை, உரிய அடுக்குகளுக்கு உயர்த்தி, ஒன்றோடொன்று பெருக்க வருந்தொகை, குறித்த வெப்பநிலையில் மாறாதிருக்கும். இதுவே கரைதிறன் பெருக்கம். இக்கருத்தை 1889இல் வகுத்துத் தந்தவர் ஜேர்மானியராகிய வால்தர் நேண்ஸ்ற்று என்பார். வெள்ளிக் குளோரைட்டுக்கு இப்பெறுமானம் 25 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 1.8 × 10⁻¹⁰ ஆகும். கணக்கிட்டுப் பார்ப்பின் ஓர் இலீற்றர் நீரில் இரண்டு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான வெள்ளிக் குளோரைட்டுக் கரைந்து நிற்கும். கரைசலிற் சேர்ந்த அயன்களின் பெருக்கம் இவ்வெல்லையைத் தாண்டின் மிகுதி வீழ்படிவாகும். எல்லைக்குக் கீழே இறங்கின் கிடக்கும் திண்மம் கரையத் தொடங்கும்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீரை நாடோறும் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெண்கட்டி படிகின்றது. அது கல்சியங் காபனேற்றின் வீழ்படிவு. நுவரெலியாவில் ஊற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தல் பல்லாண்டு சென்றும் அத்தகைய கட்டியின்றி இருக்கும். அங்குள்ள பாறைகள் சுண்ணக்கல்லல்ல. மழை பெருக்கெடுத்து மண்ணிலுள்ள கல்சியத்தையும் அடித்துச் செல்கின்றது. கல்சியம் நீங்கிய அம்மண் அமிலத் தன்மை உடையது என்பதை நினைவில் இருத்துக. பின்னர் அதனிடம் மீள்வாம்.

இனி இலைக்கு வருவாம். தேயிலைக்கு முன் இம்மலைகளை மூடி நின்றது கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பொட்டுக்கள் தோன்றின. எமிலியா வசுத்தாத்திரிட்சு என்னும் பங்கசு அது. சில ஆண்டுகளுள் நாடெங்கும் பரவியது. மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலார் 1880இல் இலங்கைக்கு அனுப்பப்பெற்று, இரண்டாண்டுகள் ஆராய்ந்து, அப்பங்கசின் வித்திகள் காற்றிற் பரவி இலைமேல் நிற்கும் நீர்த்துளியில் முளைத்து உட்புகுவதை விளக்கினார். நோயின் வரலாறு தெளிவாயிற்று. மருந்து மட்டும் கிடைக்கவில்லை. கோப்பி அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் இட்டிருந்த தேயிலையே பின்னர் அவ்விடத்தை நிரப்பியது.

கோப்பித் துரைமார் கையறுநிலையில் இருந்த அதே காலத்திற் பிரான்சு நாட்டிலே விடை கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது. பொர்தோ நகர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் சிலர், வழிப்போக்கர் பழங்களைப் பறித்துத் தின்னாதிருத்தற்பொருட்டுப் பாதையோரக் கொடிகளின்மீது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலக் குழம்பைத் தெளித்து வைப்பது வழக்கம். உள்ளேயிருந்த கொடிகள் பங்கசினால் இலையுதிர்க்க, பாதையோரக் கொடிகள் பசுமை மாறாது நின்றதை மியார்தே என்னும் பேராசிரியர் 1882இற் கண்டார். 1885இல் அதனை உலகறியச் செய்தார். கள்வருக்கு அஞ்சிப் பூசியது பங்கசுக்கு நஞ்சாயிற்று. இலங்கைக் கோப்பிக்கு அச்செய்தி காலந்தாழ்ந்தே வந்தது.

அறுபது ஆண்டுகள் கழிந்தபின் அதே சோதனை தேயிலைக்கு வந்தது. அசாமில் நெடுங்காலம் அறியப்பட்டிருந்த எட்சோபசீடியம் வெட்சான்சு என்னும் பங்கசு 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றிற்று. அது விளைக்கும் கொப்புள நோய் முதிர்ந்த இலையைத் தீண்டாது, இளந்தளிரையே தாக்கும். பறிப்பதற்குரிய கொழுந்தும் அதுவேயன்றோ! இலையில் முதலில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி தோன்றும். பின்னர் அது ஒரு புறம் குழிந்து மறுபுறம் கொப்புளமாகப் புடைத்து, வெண்பொடி பூத்தாற்போல வித்திகளைச் சொரியும். ஏறத்தாழ மூன்று நான்கு கிழமைகளுள் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும். மூடுபனியும் தூறலும் இடையறாத மாதங்கள் அதற்கு உகந்தவை. வெயில் அதற்குப் பகை. கவ்வாத்து வெட்டியபின் துளிர்த்து வரும் மலைகளே பெரிதும் பாதிப்புற்றன.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே இந்தியத் தமிழர் என வகுக்கப்பட்டோர் ஏறத்தாழ 780,000 பேர். அவர்களுட் பெரும்பாலோரின் உலை கொழுந்தினாற் கொதித்தது. கொழுந்து குறையின் பெரட்டில் வேலை குறையும். வேலை குறையின் செக்கு றோலிற் பெயர் விழாது. இரண்டாண்டுகள் கழித்து, 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கிய வரலாற்றை நாம் பலகாலும் பேசுகின்றோம். அவ்வேளையிலே அவர்கள் பறித்த செடியும் கோப்பியின் வழியே போகத் தலைப்பட்டிருந்தது என்பது அத்துணை பேசப்படுவதில்லை. நிழல்மரங்களைக் கழித்து வெயிலை உட்புகவிடுதல், பறிப்புச் சுற்றை நெருக்குதல் ஆகிய முயற்சிகளோடு, செப்பு மருந்தைத் தெளித்தலே செடியைக் காத்த பெருவழியாயிற்று. 1925இல் நிறுவப்பெற்றுத் தலவாக்கலையிலே சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அக்காலத்திற் பெரிதும் ஈடுபட்ட பணி அது.

செப்பு நஞ்சு என்றால், மயில்துத்தத்தை நீரிற் கரைத்துத் தெளித்துவிடலாமே, சுண்ணாம்பு எதற்கு என ஒருவர் வினாவலாம். இங்கேதான் கரைதிறன் பெருக்கம் தன் வேலையைக் காட்டுகின்றது. மயில்துத்தம் எனப்படும் செப்புச் சல்பேற்று நன்கு கரைவது. அதில் 5 கிராமை ஓர் இலீற்றர் நீரிலிட்டால் அந்நீரில் ஏறத்தாழ 1,270 மில்லிகிராம் செப்பு அயனாக நிற்கும். இவ்வளவு செப்பயன் பங்கசைக் கொல்லுதல் உறுதி. இளந்தளிரையும் கருக்கிவிடுதல் அதனினும் உறுதி. பின்னர் ஒரு மழை பெய்தால் எஞ்சியது முழுவதும் கழுவுண்டு போம். கரையும் நஞ்சு இவ்வாறு இரு வகையாலும் பயனற்றதாகிறது.

சுண்ணாம்பு சேர்ந்தவுடன் செப்பு, ஐதரொட்சைட்டாகவும் மூலச் சல்பேற்றுக்களாகவும் வீழ்கின்றது. செப்பு ஐதரொட்சைட்டின் கரைதிறன் பெருக்கம் ஏறத்தாழ 2.2 × 10⁻²⁰. செப்பயன் செறிவை ஐதரொட்சைட்டயன் செறிவின் வர்க்கத்தாற் பெருக்கிவரும் தொகை இது. நடுநிலையான நீரில், அதாவது பீஎச் பெறுமானம் 7 ஆகும்போது, ஐதரொட்சைட்டயன் செறிவு 10⁻⁷; அதன் வர்க்கம் 10⁻¹⁴. ஆகவே செப்பயன் செறிவு 2.2 × 10⁻⁶ மூல், அதாவது இலீற்றருக்கு 0.14 மில்லிகிராம். மேலே கண்ட 1,270 மில்லிகிராமோடு ஒப்பிடின் இஃது ஒன்பதினாயிரத்தில் ஒரு பங்கு. இலைக்குத் தீங்கில்லை. மிகுதிச் செப்பு முழுவதும் திண்மமாக இலைமேல் ஒட்டிக் கிடக்கின்றது. குதிரிலே நெல் இருக்க, அன்றாடம் உலைக்கு வேண்டியதை மட்டும் அளந்தெடுப்பது போன்றது இது. துளி நீர் வந்தால் அதற்கேற்ற சிறிதளவு செப்பு அத்துளியுட் செல்லும். அத்துளி வடிந்தோடினால் அடுத்த துளி தன் பங்கைப் பெறும்.

எனினும் வர்க்கம் என்னும் சொல்லை இலேசாகக் கடந்துவிடல் ஆகாது. பீஎச் ஒரு படி இறங்கின் ஐதரொட்சைட்டயன் பத்திலொன்றாகும். அதன் வர்க்கம் நூறிலொன்றாகும். செப்பயனோ நூறு மடங்காகும். பீஎச் 6இல் இலீற்றருக்கு 14 மில்லிகிராம். 5இல் 1,400 மில்லிகிராம்! காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துவரும் மழைநீரின் பீஎச் ஏறத்தாழ 5.6 ஆதலின், ஒவ்வொரு மழையிலும் இலை கருகவேண்டுமே என்று நுண்ணிதாகக் கேட்கும் மாணாக்கர் இருப்பர். கருகுவதில்லை. மழைநீர் அமிலமாயினும் அதன் அமிலக் கையிருப்பு மிகச் சிறிது. சிறிது ஐதரொட்சைட்டுக் கரைந்த அளவிலேயே அவ்வமிலம் தீர்ந்து பீஎச் உயர்ந்துவிடும். கரைதலும் அங்கே நின்றுவிடும். சமன்பாடு எல்லையைக் கூறும். அவ்வெல்லையை எட்டுதற்கு வேண்டிய பொருள் உண்டா என்பதைத் தனியே ஆராய்தல் வேண்டும். ஆனால் வலிய அமிலத் தன்மையுடைய பிறிதொரு பொருளைத் தெளிதொட்டியிற் செப்பு மருந்தோடு கலந்துவிட்டால் நிலைமை வேறு. அங்கே கையிருப்பு உண்டு. அறியாது கலப்பதனால் இலை கருகுவதன் காரணம் இதுவே.

0.14 மில்லிகிராம் வித்தியைக் கொல்லப் போதுமா என்பது அடுத்த ஐயம். இதற்கு விடை வியப்பானது. முளைக்கத் தொடங்கும் பங்கசு வித்தி தன்னைச் சூழ்ந்த துளியிலே சேதன அமிலங்களையும் அமினோவமிலங்களையும் கசியவிடுகின்றது. இவை செப்பயனைப் பற்றிச் சிக்கலயன்களாக்குகின்றன. தனித்த செப்பயன் குறையவே, சமநிலை குலைந்து, திண்மம் மேலும் கரைகின்றது. வித்தி தன் வாழ்வுக்கென வெளிவிடும் பொருளே நஞ்சை வரவழைத்து அதனிடம் சேர்க்கின்றது. வித்தியின் உடல் செப்பைத் தொடர்ந்து உறிஞ்சித் தன்னுட் குவித்துக்கொள்வதால், வெளியே செறிவு சிறிதாயினும் உள்ளே அது கொல்லும் அளவாகிறது; நொதியங்கள் செயலிழக்கின்றன. பொர்தோக் கலவையின்மீது வித்திகள் இவ்வாறு செயற்படுவதை 1930களில் ஆய்வாளர் காட்டினர்.

மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் மலைச்சரிவிலே நாடோறும் பதமறிந்து கலப்பது எளிதன்று. சுண்ணாம்பு குறைந்தாற் கரைந்த செப்பு எஞ்சி இலையைச் சுடும். இதனை அறியத் தோட்டக்காரர் கையாண்ட சோதனை எளியது. துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையிற் சிறிது நேரம் அமிழ்த்தி எடுப்பர். கத்தியிற் செந்நிறம் ஏறின் கரைந்த செப்பு உண்டு. இன்னும் சுண்ணாம்பு வேண்டும். இரும்பு கரைய, செப்பயன் உலோகமாகிப் படிவதே அச்செந்நிறம். தேயிலை மலைகளிற் பெரிதும் வழங்கியவை இவ்வாறு கலக்க வேண்டாத செப்பு ஒட்சிகுளோரைட்டும் குப்பிரசு ஒட்சைட்டுமாம். இவை நுண்பொடியாக வருவன. நீரிற் கலக்கித் தெளிக்கப்படுவன. நுண்மையால் இலையில் நன்கு ஒட்டும்; பரப்பு மிகுதலால் விரைந்து சமநிலை எய்தும். ஒன்றை மட்டும் செப்பினாற் செய்ய இயலாது. அஃது இலையினுட் புகுந்து செடியெங்கும் ஓடுவதில்லை. தெளித்தபின் விரிந்த தளிருக்குக் காப்பில்லை. ஆகவே மழைக்காலத்தில் ஏழு முதற் பத்து நாளுக்கொருமுறை மீண்டும் மருந்தடிக்க வேண்டியதாயிற்று. செடியினுட் பரவும் புதுவகை மருந்துகள் பிற்காலத்தில் வந்தபோதும் செப்பு விலக்கப்படவில்லை.

இந்நன்மைக்கு விலையில்லாமலில்லை. முதுகிற் கொள்கலத்தைச் சுமந்து, பனியிற் சரிவேறி, நீலமும் செம்மையுமான தூறலினூடே நடப்பவன் தொழிலாளி. கையுறையும் முகக்கவசமும் அவனுக்கு எப்பொழுதும் வாய்த்தனவல்ல. இலையிலிருந்து கழுவுண்ட செப்பு எங்கும் மறைந்து போவதுமில்லை. அது மண்ணை அடைந்து, உக்கலோடு பிணைந்து, மேல்மண்ணிலே ஆண்டாண்டாகக் குவிகின்றது. மண் அமிலமானால் அக்குவியலிலிருந்து மீண்டும் அயன் வெளிப்படும். மண்புழுவுக்கும் நுண்ணுயிர்க்கும் அது கேடு. இதனைக் கருதியே ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் ஒரு ஹெக்டயருக்கு ஏழாண்டில் 28 கிலோகிராம் செப்புக்கு மேற்படலாகாது என வரையறை செய்தது. மிகச் சிறிதாகக் கரையும் பொருள் நெடுங்காலம் இருக்கும். இலையில் நாம் விரும்பிய அக்குணமே மண்ணில் நாம் விரும்பாதது.

மண்ணைப் பற்றிய பேச்சு வந்தமையின், முன்னர் நினைவில் இருத்துமாறு கூறியதனிடம் மீள்வாம். மழை கழுவிய இம்மலைமண்ணின் பீஎச் 4.5 முதல் 5.5 வரை இருத்தல் தேயிலைக்கு உகந்தது. நெல்லும் காய்கறியும் வாடும் அமிலத்திலே தேயிலை செழிக்கும். இங்கே பொசுபரசை எவ்வாறு ஊட்டுவது? 1971இல் அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே அபதைற்று என்னும் கல்சியம் பொசுபேற்றுக் கனியம் பெருந்தொகையாகக் கிடப்பது கண்டறியப்பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 60 மில்லியன் தொன் என மதிப்பிடுவர். அதனை அந்நியக் கம்பனியொன்றோடு சேர்ந்து பெருமளவில் அகழ வகுத்த திட்டத்தை எதிர்த்து அவ்வூர்க் குடியானவர்கள் வழக்குத் தொடுத்ததும், 2000ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்ததும் பலரறிந்தவை.

அபதைற்றைப் போலக் கரைய மறுக்கும் பொருளைக் காண்டல் அரிது. புளோரபதைற்றின் கரைதிறன் பெருக்கம் ஏறத்தாழ 10⁻⁶⁰. எப்பாவலைக் கனியத்திற் புளோரைட்டின் இடத்தைக் குளோரைட்டும் ஐதரொட்சைட்டும் பகிர்ந்துகொள்கின்றன. எனினும் கணக்கின் எளிமை கருதிப் புளோரபதைற்றையே கொள்வாம். பசளைத் தொழிற்சாலையில் இக்கல்லைச் சல்பூரிக்கமிலத்தால் உடைத்துச் சுப்பர்பொசுபேற்று ஆக்குவர்; இங்கிலாந்திலே லோஸ் என்பார் 1842இல் உரிமைச்சாசனம் பெற்ற முறை அது. தேயிலை மண்ணிலோ தொழிற்சாலையின் வேலையை மண்ணே செய்கின்றது. அபதைற்றின் ஓர் அலகு ஆறு ஐதரசனயன்களை ஏற்று, ஐந்து கல்சியமயன்களையும் மூன்று இருஐதரசன் பொசுபேற்றயன்களையும் ஒரு புளோரைட்டயனையும் விடுகின்றது. யூரியாவும் அமோனியஞ் சல்பேற்றும் மண்ணில் நைத்திரேற்றாக மாறும்போது வெளிப்படும் ஐதரசனயன்களும் இதற்கு உதவுகின்றன. எப்பாவலையைச் சூழ்ந்த வயல்களின் மண்ணோ நடுநிலையை அண்டியது. நெல்லின் காலமும் சில மாதங்களே. ஆதலின் அருகிலுள்ள நெல்லுக்கு அக்கல் நேரே பயன்படாது, மலையேறி வந்து தேயிலைக்குப் பயன்படுகின்றது. கல் ஒன்றே, மண்ணே வேறு.

விடுபட்ட பொசுபேற்று முழுவதும் வேருக்கு வந்துவிடும் என எண்ணற்க. அமில மண்ணில் அலுமினியமும் இரும்பும் அயன்களாக உலாவுகின்றன. அலுமினியம் பொசுபேற்றின் கரைதிறன் பெருக்கம் 10⁻²⁰ ஐ அடுத்தது. கல்சியத்தின் பிடியிலிருந்து விடுபட்டது அலுமினியத்தின் பிடியில் வீழ்கின்றது. மண்ணின் பீஎச் இறங்க இறங்க முதற்பிடி தளர்கின்றது, இரண்டாவது இறுகுகின்றது. தேயிலை வேர் சேதன அமிலங்களைச் சுரந்து அலுமினியத்தைச் சிக்கலாக்கி, பொசுபேற்றை மீட்கின்றது. அலுமினியத்தையும் உடன் ஏற்று முதிர்ந்த இலைகளிற் பெருவாரியாகச் சேமித்துக்கொள்கின்றது. இலைமேல் வித்தி தன் அழிவுக்குச் செய்த அதே செயலை மண்ணுள் வேர் தன் வாழ்வுக்குச் செய்கின்றது.

இந்த அறிவு ஏட்டுச் சுரைக்காயன்று என்பதை 2021ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளைகளினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பர் மாதமளவில் அத்தடை நீக்கப்பட்டது. விலையேற்றமும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் தொடர்ந்தன. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை விளைவு 2022இல் 251 மில்லியனாக வீழ்ந்தது. நாட்டிலுள்ள எப்பாவலைக் கல்லே போதுமே என அப்பொழுது பலர் கூறினர். பொசுபரசுக்கு அக்கூற்றிற் பொருளுண்டு. நைதரசனுக்கு இல்லை, கல்லில் நைதரசன் கிடையாது. யூரியா நின்றால் மண்ணுக்கு வரும் ஐதரசனயனும் குறையும் என்பதையும் அவர்கள் கருதிற்றிலர்.

தோட்டங்களிற் காணும் ஒரு வழக்கத்தைப் பற்றியும் கூறுதல் வேண்டும். அமிலம் மிகுந்துவிட்ட மலைகளிலே கவ்வாத்துக் காலத்தில் தொலமைற்று இடுவர். அது கல்சியம் மகனீசியம் காபனேற்று, மண்ணுக்கு மகனீசியத்தையும் தரும், வேண்டியதே. ஆனால் ஆட்செலவைச் சுருக்கக் கருதி, தொலமைற்றையும் எப்பாவலைத் தூளையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இடுவாருமுளர். அப்போது என்ன நிகழும்? மண்ணின் பீஎச் 4.5இலிருந்து 5.5க்கு உயர்ந்ததாகக் கொள்வாம். ஐதரசனயன் பத்திலொன்றாயிற்று. அபதைற்றின் அலகொன்றுக்கு ஆறு ஐதரசனயன் வேண்டுமாதலின், வெளிப்படும் ஒன்பது அயன்களின் பெருக்கம் பத்து இலட்சத்தில் ஒன்றாகக் குறையும். ஒன்பது அயன்களும் அபதைற்றிலிருந்தே வருவனவாயின், ஒவ்வொன்றின் செறிவும் ஏறத்தாழ ஐந்திலொன்றாகும். இது முதல் இழப்பு. தொலமைற்றுக் கரைந்து கல்சியமயனையும் மண்ணீரிற் சேர்க்கின்றது. கல்சியத்தின் அடுக்கு ஐந்து. மண்ணீரிற் கல்சியம் இருமடங்காயின் பொசுபேற்றும் புளோரைட்டும் சேர்ந்த பெருக்கம் 32இல் ஒரு பங்காக வேண்டும். பொசுபேற்றுப் பாதிக்கும் கீழே இறங்கும். பொதுவயன் விளைவு என்று நாம் வாய்ப்பாடாகக் கற்பது இதுவேயாம். பணங்கொடுத்து வாங்கிய இரண்டு பொருள்களுள் ஒன்று மற்றொன்றைக் கட்டிப்போட, செடி வெறுமனே நிற்கும். கல்லுரத்தையும் தொலமைற்றையும் போதிய காலம் இடைவிட்டு இடுவதற்கு மேலதிகமாகும் ஆட்கூலி இவ்விழப்பை நோக்கச் சிறிது.

ஐயமுள்ள மாணாக்கர் ஆய்வுகூடத்திலே இதனைச் செய்து பார்க்கலாம். இரு குடுவைகளில் மிக ஐதான அசெற்றிக்கமிலத்தைச் சம அளவாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கரண்டி எப்பாவலைத் தூளை இடுக. இரண்டாவதில் மட்டும் தொலமைற்றுத் தூளையும் மிகுதியாகச் சேர்க்க. மெல்ல நுரைத்து அடங்கும். இரண்டையும் அவ்வப்போது குலுக்கி ஒரு கிழமை வைத்திருந்து, வடிதாளில் வடித்து, வடிநீரின் சில துளிகளில் அமிலமூட்டிய அமோனியம் மொலித்தேற்றுக் கரைசலையும் ஒரு சிட்டிகை அசுகோபிக்கமிலத்தையும் சேர்த்துச் சூடாக்குக. பொசுபேற்று உளதாயின் நீலநிறம் பிறக்கும். முதற்குடுவையின் வடிநீர் நன்கு நீலமாகும். இரண்டாவதன் நீலத்தைக் காண்பதற்குக் குழாயின் பின்னே வெள்ளைத் தாளொன்றைப் பிடிக்க நேரலாம்.